மாப்பிள்ளை வைத்த குழாய்

என் கணவர் திருச்சியில் ஒரு மருத்துவமனையில் வயிறு, குடல் பார்க்கும் டாக்டர். அதனால் அப்பாவுக்குப் பித்தக்குழாயில் கல் என்று தெரிந்தபோது எங்கள் வீட்டில் யாரும் பயப்படவே இல்லை. மாப்பிள்ளை இருக்கிறார், அப்புறம் என்ன?

டோக்கன் இல்லை, ஃபைல் இல்லை. வரிசையில் காத்திருந்தவர்களைத் தாண்டி, பின்வாசல் வழியாக அப்பாவை நேரே உள்ளே அழைத்துப் போனேன். "டாக்டர் வீட்டு ஆளு" என்று நர்ஸ்கள் வழிவிட்டார்கள். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. என் கணவர் வாய் வழியாகக் கருவியை விட்டுக் கல்லை எடுத்தார். பித்தம் தடையில்லாமல் இறங்க, உள்ளே ஒரு சின்ன பிளாஸ்டிக் குழாயையும் வைத்தார்.

"மூணு மாசத்துல எடுத்துடலாம் மாமா," என்றார். அப்பா கைகூப்பினார்.

மற்ற நோயாளிகளுக்கு, எடுக்க வேண்டிய நேரம் வந்ததும் ஆஸ்பத்திரியிலிருந்து போன் போகும். ஃபைலே இல்லாதவருக்கு யார் போன் செய்வார்கள்? என் கணவர் மறந்தார். நானும் மறந்தேன். அப்பா மாதம் தவறாமல் தொட்டியத்திலிருந்து தன் தோட்டத்து வாழைத்தாரோடு பஸ் ஏறி, ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக்கு வந்துபோனார். என் கணவர் கண்ணுக்கு மாமனார் தெரிந்தாரே தவிர, நோயாளி தெரியவில்லை. நானோ பழத்தைச் சீப்புச் சீப்பாகப் பிரித்து அக்கம்பக்கத்தில் கொடுத்துப் பெருமையடித்துக்கொண்டிருந்தேன். அப்பா சாப்பாட்டைக் குறைத்ததைப் பார்த்தேன். வயசாகிறது என்று விட்டுவிட்டேன்.

அடுத்த வருடம் ஒரு நாள், கண்ணெல்லாம் மஞ்சளாக, குளிரில் உதறிக்கொண்டு வந்து இறங்கினார். என் கணவரின் ஆஸ்பத்திரிக்கே தூக்கிக்கொண்டு ஓடினோம். குழாய் அடைத்துப் பித்தம் தேங்கி, கிருமி ரத்தத்தில் கலந்திருந்தது. பிழைப்பாரா என்பதே சந்தேகம் என்றார்கள். என் கணவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அங்கே இருந்த மூத்த டாக்டர்தான் குழாயை எடுத்தார்.

"இத வெச்சு எவ்வளவு நாளாச்சு? ஃபைல் எங்க?" என்று கேட்டார்.

என் கணவர் சுவரைப் பார்த்தார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

அப்பா தேறி வார்டுக்கு வந்த பிறகு கேட்டேன். "உள்ள குழாய் இருக்குன்னு உங்களுக்கு ஞாபகம் இருந்துச்சாப்பா?"

"இருந்துச்சும்மா."

"அப்ப ஏன் சொல்லல?"

"அதுக்காகத்தானே மாசாமாசம் வந்தேன். அவரா கூப்பிடுவாருன்னு பாத்தேன். மாப்பிள்ளைகிட்ட போயி, வெச்சத எடுங்கன்னு எப்படிம்மா கேக்கறது?"

அந்த வாழைத்தார்களை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

அப்பாவை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்ததும், துறையூரிலிருந்து பெரியப்பா பார்க்க வந்தார். வந்தவர் அப்பாவை வாங்கு வாங்கென்று வாங்கினார். "டாக்டரையே வீட்டுல வெச்சுக்கிட்டு இப்படியாடா உசுரோட விளையாடுவ?"

"மாப்பிள்ளை வரச்சொல்லிக்கிட்டேதான் இருந்தாரு. நான்தான் தார் வெட்டு, அது இதுன்னு இழுத்தடிச்சுட்டேன்," என்றார் அப்பா.

நான் காபித் தட்டோடு நின்றேன். இப்போதாவது உண்மையைச் சொல்வார் என்று என் கணவரைப் பார்த்தேன். அவர் தட்டிலிருந்து ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டார்.

"இனிமேலாவது கவனமா இருங்க மாமா," என்றார்.

"சரிங்க மாப்பிள்ளை," என்றார் அப்பா.

"நீயாவது உங்கப்பனுக்குப் புத்தி சொல்லு," என்றார் பெரியப்பா என்னிடம்.

சரி என்று தலையாட்டினேன்.