வலது கண்ணின் சிவப்பு

விளையாட்டில் தொடர்ந்து ஐந்து நாள் தோற்றேன். நோய் முதலில் அங்கேதான் தெரிந்தது.

கைபேசியில் ஒரு நிறம் வரும். அதில் சிவப்பு, பச்சை, நீலம் எவ்வளவு கலந்திருக்கிறது என்று சொல்லும் குறியீட்டை ஆறு முயற்சிக்குள் ஊகிக்க வேண்டும். பேராதனையில் படிக்கும் என் மகள் பஸ்னா பழக்கிவிட்டாள். கண்டிக்குப் பக்கத்து அலவத்துகொடயில், ஒரு துணிக்கடையில் இருபது வருடமாகச் சாரிக்கு ஏற்ற பிளவுஸ் துணி எடுத்துக் கொடுப்பவள் நான். மூன்று முயற்சியில் முடித்துவிட்டு அவளைச் சீண்டுவேன்.

தோற்றதும் கைபேசியைத்தான் திட்டினேன். கடையில் துணிகளை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தன. கண்ணை அசைக்கும்போது உள்ளே வலித்தது. தூக்கக் குறைவு என்று விட்டுவிட்டேன். அது என் மடத்தனம்.

நான் அனுப்பிய விடைகளைப் பார்த்துவிட்டுப் பஸ்னா அழைத்தாள்.

“உம்மா, ஒவ்வொரு நாளும் சிவப்பத்தான் குறைச்சுப் போட்டீக்கிறீங்க. மத்த ரெண்டும் சரி. கண்ணக் காட்டுங்க.”

கண்டி ஆஸ்பத்திரியில் டொக்டர் யாழ்ப்பாணத்துப் பெண். ஒரு போத்தலின் சிவப்பு மூடியை நீட்டினார்.

“இடது கண்ணை மூடுங்கோ அம்மா. என்ன நிறம்?”

“பழைய செங்கல் கலர்.”

“இப்ப வலது கண்ணை மூடுங்கோ.”

மூடி பளீரென்று சிவந்தது.

“கடையில சரியாத்தானே தெரிஞ்சிச்சு?” என்றேன்.

“ரெண்டு கண்ணும் திறந்திருந்தால் நல்ல கண் மற்றதைச் சமாளிச்சுப்போடும். விளையாடேக்க எப்பிடி இருப்பீங்கள்?”

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு இடப்பக்கம் சரிந்து படுத்து விளையாடுவேன். இடது கண் தலையணைக்குள் புதைந்திருக்கும்.

பார்வை நரம்பு அழற்சி (கண்ணிலிருந்து மூளைக்குச் செல்லும் நரம்பின் வீக்கம்) என்றார். ஸ்டீரொய்ட் (வீக்கத்தைக் குறைக்கும் மருந்து) மூன்று நாள் வார்டில் வைத்துக் கையில் ஊசி வழியாக ஏற்ற வேண்டும்.

“பார்வ போயிருமா டொக்டர்?”

“கனபேருக்குத் திரும்பி வரும். மூளையிலயும் இருக்கோ எண்டு ஸ்கேன் எடுத்துப் பாப்பம்.”

அதற்குப் பிறகு அவர் சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை.

மூன்று நாளும் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு, எதிர்க்கட்டில் பெண்ணின் சிவப்புப் பிளாஸ்க்கையே பார்த்தேன். சிவக்கவில்லை. மிகவும் பயந்தேன்.

“சும்மா படு. பாத்துப் பாத்து வரவெக்க ஏலுமா?” என்றார் கணவர். அவர் குரலும் சரியாக இல்லை.

ஸ்கேனில் மூளையிலும் ஒரு புள்ளி இருந்தது. “இந்த வருத்தம் திரும்பி வரலாம், வராமலும் விடலாம். ஆறு மாசத்துக்கொருக்கா வாங்கோ” என்றார் டொக்டர்.

இரண்டு மாதத்தில் எழுத்துகள் தெளிந்தன. ஊசியில் நூல் கோக்கிறேன். சிவப்பு மட்டும் முழுதாக வரவில்லை. இதே நோயோடு இருப்பவர்களே, காலையில் ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் அன்றே போய்க் காட்டுங்கள்.

நான் கணவரின் முகத்தைத்தான் அப்படிப் பார்க்கிறேன். இடது கண்ணில் அவர் இன்று இருக்கிறபடி இருக்கிறார். வலது கண்ணில் நிறம் வெளுத்து, பத்து வருடம் மூத்துத் தெரிகிறார்.

“என்ன பாக்கிற?” என்பார்.

“ஒண்டுமில்ல.”

அந்த வயதில் அவரைப் பார்க்க எனக்குக் கண் இருக்குமோ தெரியாது. வலது கண்ணால் கொஞ்ச நேரம் கூடுதலாகவே பார்க்கிறேன்.