குச்சனூர்த் தோட்டத்தில் கொட்டிய கத்தரிக்காய்

மேலூர்ப் பக்கம் நாற்பது சென்ட் நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்துவிட்டேன். எங்கள் தெருவில் இருபது வீடுகளுக்கு மருந்தடிக்காத காய் தருவதாக வாக்கும் கொடுத்தாயிற்று. விவசாயம் தெரியாது என்பது ஒன்றுதான் குறை! அதனால்தான் தை மாதக் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை குச்சனூர் கிளம்பினேன். அங்கே செல்வி என்பவர் ஒன்றேகால் ஏக்கரில் மருந்தில்லாமல் பயிர் செய்து, அக்கம்பக்கத்து முப்பது வீடுகளுக்குக் கொடுக்கிறார். போனில் கேட்டதற்கு, "வாங்க, வேலை பாத்துக்கிட்டே பேசுவோம்" என்றார்.

மதுரை ஆரப்பாளையத்தில் காலை 4.50க்குப் பேருந்து. ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டும்போது தூங்கிவிடாதீர்கள், காற்றே வேறு. தேனிக்கு 75 கி.மீ., டிக்கெட் 70 ரூபாய். அங்கிருந்து குச்சனூர் 25 கி.மீ., 24 ரூபாய். "நாளைக்கு வந்திருந்தா நின்னுக்கிட்டுதேன் வரணும்" என்றார் நடத்துநர். சனிக்கிழமை சனீஸ்வரர் கோயில் கூட்டம் அப்படி.

எட்டு மணிக்குத் தோட்டத்தில் இருந்தேன். கொட்டகைக் கயிற்றில் வீட்டுப் பெயர் எழுதிய முப்பது துணிப்பைகள் தொங்கின. அன்றன்று பறித்ததைப் பங்கு பிரித்துப் போட்டு வைப்பார், பத்து மணிக்கு வந்து எடுத்துப் போவார்கள். என் கையிலும் ஒரு கூடை வந்தது. இரண்டு கூடை கத்தரிக்காய் பறித்திருப்போம். செல்வி ஓர் இலையைக் கிள்ளி முகர்ந்தார். முகம் செத்துவிட்டது.

பக்கத்துத் தோட்டக்காரர் பாண்டி அண்ணன் சிரித்தபடி வரப்பில் வந்தார். "புழு விழுகுதுன்னு பொலம்புனியே ஆத்தா! நேத்து சாயங்காலம் எனக்கு அடிச்சது போக டேங்குல மருந்து மிச்சம் இருந்துச்சு. ஒன் கத்தரிக்கும் சேத்து அடிச்சு விட்டேன்."

உதவிதான் செய்திருக்கிறார் மனுசர். அவரை என்னவென்று திட்டுவது?

மணி ஒன்பதே கால். "நல்லாக் கழுவிக் கொடுத்துடலாமே, யாருக்குத் தெரியப்போகுது?" என்றேன். இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

"எனக்குத் தெரியுமுல்ல சார்? என் பேச்ச நம்பித்தேன் பிள்ளைகளுக்கு ஆக்கிப் போடுறாக."

இரண்டு கூடையையும் ஓரத்தில் குழி வெட்டிக் கொட்டினோம். வந்தவர்கள் ஒவ்வொருவரிடமும் நடந்ததைச் சொல்லி, கீரையும் சுரைக்காயும் மட்டும் கொடுத்தார். "விருந்தாளி வந்த அன்னைக்கா இப்புடி?" என்று ஓர் அம்மா சலித்துக்கொண்டார். இரண்டு வீட்டார் இனி வேண்டாம் என்று சொல்லி வெறும் பையோடு போய்விட்டார்கள். செல்வி தலையைக் குனிந்தபடி மற்ற பைகளை நிரப்பினார். 

போக நினைப்பவர்களுக்கு: சனிக்கிழமை வேண்டாம். நிறுத்தத்திலிருந்து ஒன்றரை கி.மீ. நடை, தொப்பியும் தண்ணீரும் அவசியம். மதியம் ஒரு மணிப் பேருந்தைப் பிடித்தால் இருட்டுவதற்குள் மதுரை. உரக் கணக்கு எழுத நோட்டுக் கொண்டுபோங்கள். அதைவிட முக்கியம், பக்கத்து நிலத்துக்காரரிடம் முதல் நாளே உட்கார்ந்து பேசிவிடுங்கள். மேலூரில் நான் செய்யப்போகும் முதல் வேலை அதுதான்.

நான் கிளம்பத் தயாராகும்வரை பாண்டி அண்ணன் அந்தக் குழியருகிலேயே நின்றிருந்தார். பிறகு மெல்ல வந்து கேட்டார்: "இதே மருந்த அடிச்ச காயத்தேன் எங்க வீட்லயும் தெனம் ஆக்குறாக. அப்ப நாங்க மட்டும் திங்கலாமா ஆத்தா?"

 செல்வி தன் வீட்டுக்கென்று எடுத்து வைத்திருந்த கீரைக்கட்டை அவர் கையில் கொடுத்தார்.