அவருடைய ரைஃபிள்

ரிச்சர்ட்சன் என்ற அமெரிக்க ஊரில் என்னோடு வேலை பார்த்த மதுரைக்காரர் நான்கைந்து துப்பாக்கிகள் வைத்திருந்தார். ஒரு சனிக்கிழமை என்னையும் ஷூட்டிங் ரேஞ்சுக்கு அழைத்துப் போனார். கல்லூரி என்.சி.சி.க்குப் பிறகு அன்றுதான் ரைஃபிளைத் தொட்டேன். சுட்டு முடித்ததும் குனிந்து, தெறித்து விழுந்த காலித் தோட்டாக்களைப் பொறுக்கி அவரிடம் நீட்டினேன். என்.சி.சி.யில் ஒன்று குறைந்தாலும் புல்லுக்குள் தேட வைப்பார்கள்.

“யோவ், கீழ போடுய்யா! இங்க எந்த ஹவில்தார் வந்து கேக்கப் போறான்?” என்று சிரித்தார்.

பொய் சொல்வானேன், அன்றே ஆசை பிடித்துக்கொண்டது. மரப்பிடி வைத்த அந்தப் பழைய ரைஃபிளை எனக்கே விற்கவும் அவர் தயார். வீட்டில் கேட்டேன்.

“புள்ள இப்பதான் தவழ ஆரம்பிச்சிருக்கான். அது உள்ள வந்தா நாங்க ரெண்டு பேரும் வெளிய, பாத்துக்குங்க,” என்றாள் மனைவி. குரலை உயர்த்தக்கூட இல்லை.

அவள் சொன்னதில் தப்பில்லை. சனிக்கிழமைதோறும் அதை இரவல் வாங்கித்தான் சுட்டேன். கிளம்பும்போது நானே எண்ணெய்த் துணியால் துடைத்து, உறையில் போட்டு, அவர் கார் டிக்கியில் வைப்பேன். மூடுவதற்குத்தான் கொஞ்சம் நேரமாகும்.