எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்டு

தி. நகரில், உஸ்மான் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், ஜவுளி குடோனுக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ் இருந்தது. வெளிநாட்டுப் பதிப்பகங்களின் புத்தகங்களை டைப் செய்து, பக்கம் கட்டி அனுப்பும் வேலை. பதினாலு டெர்மினல், ஒரு சர்வர், அதைக் கட்டி மேய்க்க நான். சர்வரில் ஓடியது லினக்ஸ். கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியிலிருந்து நானே ஏற்றியது. முதலாளி திருநெல்வேலிக்காரர். நல்ல மனிதர். அந்த நல்ல குணத்தாலேயே என் உயிரை வாங்கினார்.

எப்படி என்று கேளுங்கள். எல்லோருடைய பாஸ்வேர்டும் அவருடைய குலதெய்வத்தின் பெயராக இருக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். காலையில் வந்ததும் ஒவ்வொருவர் கையும் முதலில் சாமி பெயரைத்தான் தட்ட வேண்டுமாம்.

"சார், பாஸ்வேர்டுன்னா அடுத்தவங்களுக்குத் தெரியக் கூடாது சார்."

"தெரிஞ்சா என்னம்மா? சாமி பேரைச் சொல்லி உள்ள போயி எவன் களவாங்குவான்? எல்லாம் நம்ம பிள்ளையதான்."

சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. விடுவேனா? பாஸ்வேர்டுகளை ஊகித்துக் கண்டுபிடிக்கும் ஒரு இலவச நிரலை டயல்-அப்பில் இறக்கினேன். மூன்று தடவை லைன் அறுந்தது. அதோடு வந்த சொற்பட்டியலில் வெள்ளைக்காரப் பெயர்களாக இருந்தன. நம் ஊர் சாமி பெயர்களையும் சினிமா நட்சத்திரங்களின் பெயர்களையும் நானே உட்கார்ந்து டைப் செய்து சேர்த்தேன். ஓடவிட்டதும் கண்மூடித் திறப்பதற்குள் பதினாலு பாஸ்வேர்டும் திரையில் வந்து நின்றன. பிரிண்ட் எடுத்துக்கொண்டு முதலாளி அறைக்கு ஓடினேன்.

அவர் தாளை மேலிருந்து கீழே பார்த்தார். "பாத்தியா, ஒருத்தர்கூட மாத்தலை. எம்புட்டுக் கட்டுப்பாடா இருக்காங்க!" என்று பூரித்துப் போனார்.

ஆபீஸில் யார் லீவு போட்டாலும் அவர் லாகினில் இன்னொருவர் புகுந்து வேலையை முடிப்பது வழக்கமாகிவிட்டது. சைதாப்பேட்டையிலிருந்து வரும் ஆபரேட்டர் ஒருவன் ஹாலின் அந்தக் கோடியிலிருந்து கத்துவான்: "மேடம், மாமி இன்னிக்கு வர்ல. அவங்க லாகின்ல பூந்து வேலை பாத்துக்கினு கீறேன், ஓகேவா?" ஓகே இல்லைடா என்றால் யார் கேட்கப் போகிறார்கள்?

மாமி என்பது மயிலாப்பூரிலிருந்து வந்த ஆபரேட்டர். நாற்பதைத் தாண்டியவர். கிண்டியில் கணவர் வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டதால் டைப்ரைட்டிங் சர்டிபிகேட்டைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு வந்தவர். ஆறு மாதத் தற்காலிக வேலை, மாதக் கடைசியில் நிரந்தரம் செய்வதாகச் சொல்லியிருந்தார்கள். "பெர்மனென்ட் ஆயிடுத்துன்னா போறும்டி, ஆத்துல கொஞ்சம் மூச்சு விடலாம்" என்று என்னிடம் தினம் ஒரு தடவையாவது சொல்லுவார்.

அந்த மாதம் மூன்றாவது வாரம், ஒரு திங்கட்கிழமை, மாமியின் மருத்துவப் புத்தகத்துக்கு வெளிநாட்டிலிருந்து திருத்தங்கள் வந்தன. ஒரு மாதத்துக்கு மேல் காத்திருந்த திருத்தங்கள். மாமி ஃபைலைத் திறக்கப் போனார். பதினாறு அத்தியாயங்களில் ஒன்றுகூட இல்லை. நகல் எடுத்து வைத்த டேப்பைப் போட்டால், அது முதல் ஐந்து அத்தியாயங்களை மட்டும் கொடுத்துவிட்டு முரண்டு பிடித்து நின்றுவிட்டது.

ஆபரேட்டர்களில் அந்த ஃபைல்களை அழிக்கும் உரிமை மாமியின் லாகினுக்கு மட்டும்தான் உண்டு. முதலாளிக்கு அது போதும். "கவனமில்லாத ஆளை வச்சு என்ன செய்ய? நாளையோட கணக்கை முடிச்சிரலாம்" என்றார். மாமி முந்தானையைப் பிசைந்துகொண்டு நின்றார். "நான் தொடவே இல்லை சார். சனிக்கிழமை ஒரு மணிக்கே ஆத்துக்குப் போயிட்டேன், அப்போ எல்லாம் அப்படியே இருந்தது."

எனக்கு ஒரு பக்கம் பதைப்பு. ஆனால், உண்மையைச் சொல்கிறேன், உள்ளூர சந்தோஷமும் இருந்தது. நான் தலைபாடாக அடித்துக்கொண்டது நடந்துவிட்டதே! வேறு யாரோ மாமி லாகினில் புகுந்து அழித்திருக்கிறார்கள். அதை நிரூபித்தால் மாமி வேலையும் பிழைக்கும், சாமி பாஸ்வேர்டும் ஒழியும். "அழாதீங்க மாமி, யாருன்னு நான் புடிச்சுத் தரேன்" என்று வீராப்பாகச் சொல்லிவிட்டு சர்வர் முன்னால் உட்கார்ந்தேன்.

யார் எப்போது உள்ளே வந்தார்கள் என்று காட்டும் கட்டளையைத் தட்டினேன். சனிக்கிழமை ஒரு மணிக்குப் பிறகு மாமி பெயரில் யாருமே வரவில்லை. அப்புறம் எப்படி? குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாகச் செய்யும் 'க்ரான்' என்ற ஒன்று உண்டு. அதன் பதிவேட்டைத் திறந்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மாமி பெயரில், ஒரே ஒரு வரி. முப்பது நாளாகத் தொடாத ஃபைல்களைத் தேடி அழிக்கும் கட்டளை.

அந்த வரியை எழுதியது நான்தான்.

போன வாரம் டிஸ்க் நிரம்பி வழிந்தது. பழைய குப்பையைத் துடைக்க அந்தக் கட்டளையை எழுதி, முதலில் ஒரே ஒரு லாகினில் சோதித்துப் பார்க்கலாம் என்று மாமி லாகினில் போட்டேன். மாமியைக் கேட்கவில்லை. எதற்குக் கேட்க வேண்டும், பாஸ்வேர்டுதான் தெரியுமே! தற்காலிக ஃபைல்களை மட்டும் என்று ஒரு நிபந்தனை சேர்த்திருக்க வேண்டும். டீ வந்தது, எழுந்து போனேன், மறந்து தொலைத்தேன். அட மூதேவி என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

முதலாளி மேஜையில் அதற்குள் மாமியின் மன்னிப்புக் கடிதம் இருந்தது. செய்யாத தப்புக்கு, அழகான கையெழுத்தில். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"நீ என்ன வேணும்னா பண்ணுன? மெஷின் விஷயம், முன்னப்பின்ன இருக்கத்தான் செய்யும். டீ குடிச்சியா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதே தப்புக்கு மாமிக்கு வேலை போகும், எனக்கு டீயா? கடிதத்தைக் கிழித்துப் போடச் சொன்னேன். கிழித்தார். மாதக் கடைசியில் நிரந்தரம் என்பதை என் எதிரிலேயே எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

விஷயத்தை மாமியிடமும் நானே சொன்னேன். அவர் பழைய பிரிண்ட் கட்டை எடுத்து வந்து மேஜையில் வைத்தார். காணாமல் போன அத்தியாயங்களை அதைப் பார்த்து இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து மறுபடி டைப் செய்தோம், நாலு நாள். கடைசி நாள் வேலை முடிந்ததும் மாமி என் பக்கம் திரும்பினார்.

"என் பாஸ்வேர்டை மாத்திக்கணும். எப்படின்னு சொல்லுங்கோ. யாருக்கும் தெரியப்படாது. உங்களுக்கும்."

அதுவரை என்னை வாடி போடி என்று பேசியவர். கட்டளையை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக, இரண்டு தடவை தட்டும் சத்தம் கேட்டது.

"ஆச்சு," என்றார் மாமி. "இனிமே பயமில்லை."

சர்வரை நிர்வகிக்கிறவளுக்கு யாருடைய பாஸ்வேர்டும் தேவையில்லை, எந்த லாகினுக்குள்ளும் கேட்காமல் போகலாம் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? "ஆமாம் மாமி" என்றேன்.