வலதுகால் போணி

அறுபதுகளில் தாராவியில் ஃபுட்பால் தைக்கிற பட்டறை ஒன்றில் வேலை பார்த்தேன். முதலாளி மேலப்பாளையத்துக்காரர். எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. புதுச் சரக்கு வெளியே போகுமுன் ராசியான ஆள் ஒருவர் ஒரு பந்தை உதைத்துப் போணி பண்ண வேண்டும். பம்பாயில் வடை விற்கிறவன்கூடப் போணியாகாமல் முகம் கொடுத்துப் பேசமாட்டான், நாங்கள் விடுவோமா?

கொரிய அணி பம்பாய்க்கு ஆட வந்தது. பயிற்சிக்குப் பந்து வாங்க எங்கள் பட்டறைக்கே வந்துவிட்டார்கள். கூடவே அவர்கள் கோச். ஆட்டத்தை விட்டுச் சில வருஷமாகியிருந்தது. தம் நாட்டுக்காக அவர் ஆடிய காலத்தில் அந்த இடதுகாலைப் புகழாத பேப்பர் கிடையாது. மாட்டுங்காவில் ஆபீஸ் வேலையிலிருந்த ஒருவர் படித்துச் சொல்ல, எனக்கு எல்லாம் மனப்பாடம். நான் அளந்த அளப்பில் தெருவே திரண்டு வந்து நின்றது.

மாலை போட்டோம். முதலாளி சந்து நடுவே புதுப் பந்தை வைத்தார். எதிரே இரண்டு தார் டிரம்கள்தான் கோல். கோச் தலையசைத்து மறுத்தார். தம் ஆட்டக்காரர்களில் ஒருவனைக் கை காட்டினார்.

"சின்னப் பய உதைச்சா அது போணியா வே?" என்றார் முதலாளி.

"பெரிய மனுசன்லா, கொஞ்சம் பிகு பண்ணுதாரு. விடாதீங்க" என்றேன் நான். என் வாய் அப்போதெல்லாம் சும்மா கிடக்காது.

அவர்களைக் கூட்டி வந்த மராத்திக்காரரிடம் இந்தியில் சொன்னோம். அவர் இங்கிலீஷில் சொன்னார். பட்டறையின் ராசி இதில் இருக்கிறது என்றதும் கோச் கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் பந்தின் முன் வந்து நின்றார். இடதுகாலைத் தூக்கினார்.

"ஏல, எடதுகாலாலயா? பட்டறை வெளங்குமா?" முதலாளி பதறினார்.

அந்தக் காலின் புகழெல்லாம் தெரிந்த நான்தான் ஓடிப்போய்ப் பந்தை வலதுபக்கம் நகர்த்தினேன். "ரைட், சாப், ரைட்" என்று அவர் வலதுகாலைத் தொட்டும் காட்டினேன். இன்று நினைத்தாலும் வெட்கம் பிடுங்கித் தின்கிறது.  அவர் சரியென்று தலையாட்டினார்.

பந்து டிரம்களுக்கு நடுவே போனது. தெரு ஆர்ப்பரித்தது. அவர் வலது முழங்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டார். பின்னால் நின்றவர்கள், அவர் குனிந்து வணக்கம் சொல்கிறார் என்று நினைத்து இன்னும் பலமாகத் தட்டினார்கள். ஒருவன் ஒன்ஸ்மோர் கேட்டான்.

கோச்சின் ஆட்கள் சொன்னதை மராத்திக்காரர் என்னிடம் இந்தியில் சொன்னார். கடைசி ஆட்டத்தில் போன முழங்கால் அது. அன்றிலிருந்து அவர் நாலு பேர் முன்னால் பந்தைத் தொட்டதில்லை, சொந்த ஊர் ஜனம் கெஞ்சியும் தொடவில்லை. பழைய ஆட்டம்தான் அவர்கள் கண்ணில் நிற்க வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம்.

அப்போதுதான் அவருடைய ஆட்டக்காரர்களைப் பார்த்தேன். ஒருவர் பாக்கியில்லாமல் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றிருந்தார்கள். நிறுத்துங்கள் என்று எங்கள் தெருவைப் பார்த்துக் கத்தினேன். கைதட்டலில் யார் காதிலும் விழவில்லை.