இரவுக் கட்டணத்துக்குப் பத்து வீடு

மீட்டர் பார்க்கிறவன் நாற்காலி மேல் ஏறி நிற்கும்போதுதான் வீட்டுக்காரருக்குச் சந்தேகங்கள் பிறக்கும். "பாதி விலையா? யாருக்குப் பாதி விலை?" என்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டு கேட்டார் மரைக்காயர். எண்ணைக் குறித்துக்கொண்டு இறங்கி, சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்தேன்.

வீடு வீடாக ஏறி இறங்கிப் பிழைத்தவர்களுக்கு அந்த அட்டையின் கனம் புரியும். மலாய் நாட்டில் அது ஜப்பான்காரன் காலம். பட்டாளத்துக்காக மின்சார எஞ்சின் இராப் பூராவும் ஓடியது. வீணாகிற கரண்டைக் குடிமக்களுக்குப் பாதி விலையில் தர எங்கள் மின்சார ஆபீஸ் மனமிரங்கியது; இரவு பதினொன்று முதல் காலை ஐந்து வரை. இரண்டாவது மீட்டர் வைக்கச் சாமான் இல்லை. ஆகவே வீட்டுக்காரரே பதினொன்றுக்கும் ஐந்துக்கும் மீட்டரைப் பார்த்து அட்டையில் எழுத வேண்டும். பொய் எழுதினால் தண்டனை என்று அடியில் அச்சடித்திருந்தது. என்ன தண்டனை என்று அச்சடிக்கவில்லை. அவசியமும் இல்லை.

ஆபீஸ் குமாஸ்தாக்களை மேய்க்கும் தலைமைக் கிராணி அம்பலவாணர் என்னிடம் பத்து அட்டை கொடுத்தார். மாதக் கடைசிக்குள் என் வட்டாரமான காஜா பெராங்கில் பத்துக் கையெழுத்து. ஒன்று குறைந்தாலும் நான் உபரி. உபரி ஆட்களின் பெயர் சயாமில் ரயில் பாதை போடும் கூலிப் பட்டியலுக்குப் போகும். எங்கள் ஆபீஸிலிருந்து ஏற்கெனவே இரண்டு பேர் போயிருந்தார்கள். கடிதம் வரவில்லை. "கவனமா நடவும் காணும்" என்றார் அம்பலவாணர்.

இரண்டு உத்தரவு

மரைக்காயருக்கு ஜாலான் பெண்டஹாரா தெருவில் மளிகைக் கடை. கடையில் சாமான் தீர்ந்து மாதங்களாகியிருந்தன. விலை மட்டும் அவர் வாயில் தினமும் ஏறிக்கொண்டிருந்தது. அட்டையை முன்னும் பின்னும் திருப்பினார்.

"தம்பி, பத்து மணிக்கு விளக்க அணைக்கணும்னு ஒரு உத்தரவு இருக்கு. வெளிச்சம் தெரிஞ்சா அறை விழும்."

"ஆமாம்."

"பதினொன்னுக்கு மேல எரிச்சா பாதி விலைங்குறது இன்னொரு உத்தரவு."

"ஆமாம்."

"ரெண்டும் ஒரே ஆபீஸா?"

வேறு வேறு ஆபீஸ் என்றேன். அது அவருக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும், பேனாவைக் கேட்டார். கதவைச் சாத்திக்கொண்டு விசிறி போட்டுக்கொள்ளலாமே என்று ஆரம்பித்தேன். அவரிடம் விசிறி இல்லை. கையெழுத்துப் போட்டுக்கொண்டே சொன்னார்: "விளக்கமெல்லாம் வேணாம் தம்பி. நான் போடலேன்னா, ஏன் போடலேன்னு கேக்க உங்களவிட மோசமான ஆளு வருவான்."

வீட்டு மணி

இரவுக் கட்டணத்தால் உண்மையிலேயே பிழைக்கக்கூடியவர் எங்கள் வட்டாரத்தில் வேலாயுதம் ஒருவர்தான். லாண்டரிக்காரர். அதிகாரிகளின் சட்டைகளுக்கென்று இரண்டு கரண்டு இஸ்திரிப்பெட்டி வைத்திருந்தார். நான் சொல்லி முடிப்பதற்குள் கையெழுத்துப் போட்டுவிட்டார். மறுநாள் முதல் விடிகாலை மூன்றரைக்கு எழுந்து ஐந்து வரை தேய்த்தார். பத்து நாள் கழித்து அட்டையைச் சரிபார்க்கப் போனேன். எண்கள் முத்து முத்தாக இருந்தன. சுவர்க் கடிகாரம்தான் எட்டரை காட்டியது. என் கைக்கடிகாரத்தில் பத்து.

ஜப்பான்காரன் வந்த கையோடு எங்கள் மணியைத் தோக்கியோ மணியாக்கி, ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளியிருந்தான். தெருவில் எல்லோருக்கும் ஜப்பான் மணி. வீட்டுக்குள் பலர் பழைய மணியையே வைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் காட்டிய எதிர்ப்பு அவ்வளவுதான். வேலாயுதத்தின் மூன்றரை, ஆபீஸுக்கு ஐந்து. சலுகை முடிகிற நிமிஷத்தில் தினமும் சரியாகப் பெட்டியைச் சூடாக்கியிருக்கிறார். பத்து வரிகளையும் சிவப்பு மையால் அடித்தேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "அண்ணே, அப்ப பத்து நாளா முழு விலை குடுத்துத்தானா தூக்கத்தக் கெடுத்துக்கிட்டேன்?"

வருகிறவர்கள்

தலைமுறைகளுக்கு முன் இங்கே குடியேறிய செட்டிகளின் கிராமமான செட்டிகள் கம்போங்கில் பெயர் தமிழ், சாமி தமிழ், பேச்சு மட்டும் மலாய். அங்கே இருந்த நாச்சியம்மாவுக்கு மலாயில்தான் விளக்கினேன். அவர் சொன்னதையும் தமிழாக்கித்தான் தருகிறேன். பொங்கலுக்கு முன்னால் அவர்கள் செத்துப்போன பெரியவர்களுக்கு இலை போட்டுப் படைப்பார்கள். பார்ச்சு என்று பெயர். பெரியவர்கள் வந்து சாப்பிட்டுப் போகும்வரை வீட்டார் வெளியே காத்திருப்பார்கள். அந்த வருஷம் இலையில் பாதி மரவள்ளிக்கிழங்கு. ஆனாலும் படையல் அறையில் விளக்கு எரிய வேண்டும், அதற்கும் பாதி விலைதானா என்று கேட்டார். பதினொன்றுக்கு மேல் எரிந்தால் பாதி விலை என்றேன்.

அவர் யோசித்தார். கையெழுத்து நழுவுகிறது என்று எனக்குப் பட்டது. "அவர்களைக் கொஞ்சம் தாமதமாக வரச் சொல்ல முடியாதா?" என்று கேட்டே விட்டேன். சயாம் பயம் ஒருவனை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் பாருங்கள். நாச்சியம்மா என்னைச் சற்று இரக்கத்தோடு பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். "சொல்ல முடியாது. அவங்க வழக்கமான நேரத்துக்குத்தான் வருவாங்க. தோக்கியோ எங்க இருக்குன்னே அவங்களுக்குத் தெரியாது."

டீச்சரின் கணக்கு

இப்படியாக ஒன்பது தேறியது. மாதம் முடிய ஒரு நாள். மிச்சமிருந்தது மங்களம் டீச்சர் வீடு. கணக்கு டீச்சர், இப்போது ஜப்பான் எழுத்துக் கற்றுக்கொடுக்கும்படி ஆகியிருந்தது. கணக்குப் போட ஆள் கிடைத்த சந்தோஷத்தில் என்னை உட்காரவைத்துச் சிலேட்டை எடுத்தார்.

"பதினொரு மணிக்கு இருட்டுல மீட்டரை எப்படிப் பாக்கறது?"

"விளக்கைப் போட்டு..."

"ரோந்து வரும்."

"ஒரு தீக்குச்சி கிழிச்சு..."

"அப்படி வாங்க. ராத்திரி ஒரு குச்சி, விடியறதுக்குள்ள ஒரு குச்சி." சிலேட்டில் இரண்டு கோடு போட்டார். தீப்பெட்டி அப்போது கறுப்புச் சந்தையில் மட்டும் கிடைத்தது, அங்கேயும் முகம் பார்த்துத்தான் கொடுத்தார்கள். இரண்டு குச்சியின் விலைக்கு எதிரில் ஒற்றைப் பல்பில் மிச்சமாகிற பாதி விலையை எழுதினார். கழித்துப் பார்க்கவே தேவையில்லை. சிலேட்டை என் பக்கம் திருப்பி வைத்தார். மற்ற வீடுகளில் "லாபம்" என்று கூசாமல் சொன்னவன் நான். இங்கே சிலேட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். டீச்சருக்குக் கோபமில்லை. பேனாவைக்கூடத் திறந்து வைத்திருந்தார். "லாபம்னு ஒரே ஒரு தடவை உங்க வாயால சொல்லுங்க சார், போட்டுடறேன்."

பத்தாவது அட்டை

இரவுக் கட்டணம் வீட்டுக்கு லாபமா என்று இன்றைக்கும் யாராவது கேட்டால், காஜா பெராங்கில் ஒரே ஒரு வீட்டுக்கு நஷ்டமில்லை என்று மட்டும் சத்தியம் செய்வேன்.

மறுநாள் காலை அம்பலவாணர் என் அட்டைகளை இரண்டு முறை எண்ணினார். "ஒன்பதுதானே இருக்கு. பத்தாவது எங்கை காணும்?"

எழுதாத அட்டையை மேஜை மேல் வைத்து, டீச்சர் லாபமா என்று கேட்டதைச் சொன்னேன்.

"நீர் என்ன சொன்னனீர்?"

"ஒண்ணும் சொல்லல."

"மற்ற ஆக்களுக்குச் சொன்ன பொய்யை அந்த மனுசிக்கும் சொல்ல உமக்கென்ன வருத்தம்?"

ஜப்பான் அதிகாரி பத்து மணிக்கு வருவதாக இருந்தது. இன்னும் கட்டுப் போடாத அட்டைகளும் உபரிப் பட்டியலும் அருகருகே கிடந்தன. பட்டியலில் தேதி மட்டும் போட்டிருந்தது.

"லாப நட்டம் எனக்கெண்டால் தெரியாது காணும். என்ரை வீடும் காஜா பெராங்கிலைதான். கரண்டு வயர் எங்கட ஒழுங்கைக்கு இன்னும் வரேல்லை. தேங்காயெண்ணெய் விளக்குத்தான்."

வெளியே கார் நின்ற சத்தம் கேட்டது. மற்றக் கிராணிகள் பொத்தான்களைச் சரிசெய்துகொண்டு குனிவதற்காக எழுந்தார்கள். அம்பலவாணர் பேனாவை மையில் தோய்த்து, எழுதாத அட்டையில் தன் பெயரையும் வீட்டு விலாசத்தையும் நிதானமாக எழுதினார். அடியில் கையெழுத்துப் போட்டார். மை காய ஒரு தடவை ஊதிவிட்டு, மற்ற ஒன்பதுக்கும் நடுவில் அதைச் செருகினார்.