அறுபது கிலோ அம்மா

"பெத்தவளையே தராசுல ஏத்துவியாடி நீ?"

அம்மா போட்ட சத்தத்தில் பத்தொன்பது இருக்கைகள் கொண்ட அந்தக் குட்டி விமானமே திரும்பிப் பார்த்தது.

மகள் முதுகை வளைத்துக்கொண்டு நின்றாள். விமானிதான், ஆனாலும் அதற்குள் நிமிர்ந்து நிற்க அவளுக்கே இடமில்லை.

"கத்தாதம்மா. கவுண்டர்ல எத்தனை கிலோன்னு சொன்ன?"

"அறுபது."

"எனக்கு நினைவு தெரிஞ்சு நீ அறுபதா இருந்ததே இல்ல."

சின்ன விமானத்தில் ஒவ்வொருவர் எடையையும் கேட்டுக் கூட்டிப் பார்த்துத்தான் கிளம்புவார்கள். வயதைக் குறைத்துச் சொல்லியே பழகிய வாய், எடையையும் குறைத்துவிட்டது. அன்று பார்த்து இருக்கையெல்லாம் ஆள். போதாததற்கு முன்னால் மகளைச் சோதிக்க வந்த பரிசோதகர் உட்கார்ந்திருந்தார். அவர் சரி என்றால் மகள் கேப்டன். இல்லையென்றால் பழையபடி துணை விமானி. இந்த நேரத்தில் வம்பு எதற்கு, பேசாமல் கிளம்ப வேண்டியதுதானே என்பது அம்மாவின் கட்சி.

மகள் விடவில்லை. அம்மாவை விமானத்திலிருந்து இறக்கி, பெட்டி நிறுக்கும் தராசில் ஏற்றிவிட்டாள். முள் எண்பத்திரண்டில் போய் நின்றது.

"மெஷின் பழசு. செருப்பக் கழட்டுறேன், இரு."

கழற்றினாள். ஜன்னலுக்கு ஜன்னல் சிரிக்கும் முகங்கள். மானத்துக்கு எடையே கிடையாது என்று அம்மாவுக்கு அன்றுதான் தெரிந்தது. அது மொத்தமாகப் போன பிறகும் முள் அசையவில்லை.

எடையைச் சரிக்கட்ட அம்மாவின் பெட்டி கீழே இறங்கியது. அம்மா முதல் வரிசைக்கு மாற்றப்பட்டாள். விமானி அறைக்குக் கதவு கிடையாது. மகளின் கைகள் தெரிந்தன. விமானி என்றால் பொத்தானை அமுக்கிவிட்டுக் காபி குடிப்பவள் என்று தெருவெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தவள் அம்மா. இங்கே இரண்டு பக்கமும் விசிறி போட்ட இரைச்சலில் பல்லெல்லாம் ஆடியது. மேகத்துக்குள் நுழைந்ததும் விமானம் தூக்கித் தூக்கிப் போட்டது. தளும்பும் குடத்தை இறக்குகிறவள்போல மகளின் கை மட்டும் நிதானமாக இருந்தது. இறங்கும்போது பக்கக் காற்று. விமானத்தின் மூக்கு ஒரு பக்கம், ஓடுபாதை ஒரு பக்கம்.

"ரோட்டப் பாருடி!" என்று அலறினாள் அம்மா. நல்லவேளை, யார் காதிலும் விழவில்லை. கடைசி நொடியில் மூக்கு நேரானது. ஒரு சக்கரம் தொட்டது, பிறகு மற்றது.

கீழே பரிசோதகர் சொன்னார்: "அந்த அறுபத நானும் நம்பலம்மா. இவங்க அப்படியே கிளம்பியிருந்தா, தரையிலயே ஃபெயில் போட்டிருப்பேன்."

"இப்போ?" என்றாள் அம்மா.

"இப்போ கேப்டன்."

"நாளைக்கும் இதே நாலு ஊரு, இதே பெட்டி தூக்குற வேலைதான்," என்று மகள் சிரித்தாள். கண் கலங்கியிருந்தது.

அம்மாவுக்கும் கலங்கியது. காட்டிக்கொள்வாளா? "கேப்டனெல்லாம் இருக்கட்டும். என் பெட்டி எங்கடி?"

"அடுத்த பிளேன்ல வருது. பாவம், அது பொய் சொல்லல."

பெட்டி வரும்வரை பக்கத்துக் கடைக்குப் போய், வீட்டுக்கென்று ஓர் எடைக்கருவி வாங்கினாள் அம்மா. அங்கேயும் குறைக்கச் சொல்லிப் பார்த்தாள், கடைக்காரர் மசியவில்லை. விமான டிக்கெட்டில் பாதி விலை.